முப்பிடாதியம்மாளின் சூட டப்பா

தேங்காயின் குடுமியைத்தான் முப்பிடாதியம்மாள் முதலில் பிரித்துப் பார்க்கிறார். அதற்குள் சூடம் இல்லையென்றால் வெற்றிலைக் கட்டு, பிறகு வாழைப்பழச் சீப்பின் இடுக்கு. பெண்களானால் கொண்டையின் மேல் ஒரு பார்வை. “பக்தி கூடக்கூட ஒளிச்சு வைக்கிற தெறமையும் கூடுது” என்பது அவரது கண்டுபிடிப்பு.

குற்றாலத்துக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் ஓர் அம்மன் கோயிலுக்குப் போகிற பாதையில், மாசி தொடங்கிக் கோடைமழை வரும்வரை அவர் தற்காலிகத் தீத்தடுப்புக் காவலர். சேலைமேல் காக்கிச் சட்டை, காலில் ஓர் அளவு பெரிய கான்வாஸ் ஷூ. அருவி நூலாகி, சரிவெல்லாம் புல் காய்ந்து கிடக்கிற மாதங்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி எல்லாம் தண்ணீர் வாளிக்குள் போகும். சூடம் மட்டும் மூடி போட்ட பெயின்ட் டப்பாவுக்கு. போட்டதும் டப்பாவை ஒரு குலுக்குக் குலுக்குவார். யாருடையது எது என்று அப்புறம் அம்மனே கேட்டாலும் சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூடத்தை விற்பவர் அவர் கணவர் மாடன். பாதை தொடங்குகிற இடத்தில் அவருக்குப் பூசைத்தட்டுக் கடை. வீட்டுக்காரர் விற்கிறார், வீட்டுக்காரி பறிக்கிறார். நடுவில் கூப்பிடு தூரம். சாயங்காலமானால் டப்பா கடைக்கே திரும்பிவிடும் என்று புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ஒருவர் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். முப்பிடாதியம்மாள் கோபப்படவில்லை. இருந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

சாயங்காலம், அந்த வட்டாரத்திலேயே பெரிய தீயை மூட்டுபவர் தீத்தடுப்புக் காவலர்தான். காட்டுக்கு வெளியே, வற்றிய ஓடையின் நடுப்பாறையில் சருகைப் பெருக்கித் தள்ளி, டப்பாவைக் கவிழ்த்து, மொத்தச் சூடத்தையும் கொளுத்தினார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. “கொண்டாந்தவங்க பேரெல்லாம் ஒனக்கே தெரியும், நீயே பிரிச்சு எடுத்துக்க.” எரிந்து முடிந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீரையும் ஊற்றினார். வியாபாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இரண்டு கோடைக்கு முன், கோயில் வாசலில் யாரோ ஏற்றிய சூடம் காற்றில் உருண்டு மேற்குச் சரிவு பற்றிக்கொண்டது. பச்சைக் கிளையால் அடித்து அணைத்தவர்களில் முப்பிடாதியம்மாளும் ஒருவர். அதைப் பற்றிக் கேட்டால், அன்றைக்குக் கருகிய ஷூவுக்குப் பதிலாகக் கிடைத்த ஷூ அளவு சரியில்லை என்பதை மட்டும் சொல்வார்.

இந்தப் பங்குனியில் வில்லங்கம் வீட்டுக்கே வந்தது. மகள் சத்யபிரியாவுக்கு வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை, எடை குறைந்து ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது முப்பிடாதியம்மாள் நேர்ந்துகொண்டிருந்தார். பிள்ளை பிழைத்தால், மூன்று மாதம் முடியுமுன் மலையேறி, அம்மன் முன்னால் தன் கையாலேயே சூடம் ஏற்றுவதாக. பிள்ளை பிழைத்தது, மூன்றாம் மாதம் சரியாகப் பங்குனியில் வந்து நின்றது.

“நேந்துக்கிடும்போது காலண்டரப் பாத்திருக்கணும்லா” என்று மாடன் கேலி பேசினார். ஆனால் பேரப்பிள்ளை இன்னும் ஒரு கைப்பிடிதான். வாக்குத் தவறினால் என்னாகுமோ என்ற பயம் இருவருக்குமே இருந்தது. கடைசியில் மாடன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “காவக்காரி நீயே, பாத்துச் சூடம் பொருத்த மாட்டியாட்டி?”

“அன்னைக்குப் பொருத்துனவனும் பாத்துத்தான் பொருத்திருப்பான்” என்றார் முப்பிடாதியம்மாள். அதோடு பேச்சு முடிந்தது. தூக்கம் வந்ததா என்று தெரியாது.

போன வெள்ளிக்கிழமை வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, காக்கிச் சட்டை இல்லாமல், மாடன் அடுக்கிக் கொடுத்த தட்டோடு வரிசையில் நின்றார். அன்று காவல் நின்ற அருண்பாண்டி வேலைக்குப் புதிது. “ஒங்கள நான் என்னத்த பாக்க, போங்க யக்கா” என்று நெளிந்தான்.

“தட்டப் பாருலே.”

வெற்றிலையைப் புரட்டினான், பழத்தை நகர்த்தினான், ஒன்றுமில்லை என்றான். கீழே கடையில் மாடன் ஓர் எலுமிச்சம்பழத்தை, அதற்குத் தேவையானதைவிட அதிக நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பிடாதியம்மாள் அவர் துடைப்பதைக் கொஞ்சம் பார்த்தார். தட்டை இடது கைக்கு மாற்றினார். தேங்காயின் குடுமியைப் பிரித்து, உள்ளே இருந்த சூடத்தை எடுத்து, டப்பாவில் போட்டு மூடியை அழுத்தினார். ஒரு குலுக்கு. பிறகு, இன்னொரு குலுக்கு.