சேசிஸோடு வெல்டு வைத்த குரல்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. கட்டி அனுப்பிய லாரி பாடிகளுக்குக் கணக்கே கிடையாது. ஒன்றுகூட விரிசல் விட்டுத் திரும்பி வந்ததில்லை. அப்பேர்ப்பட்ட நான் இன்னொருவன் வேலையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவனிடம் ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அவன் என் மனைவியின் தம்பி. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன். என் பட்டறை ஆட்கள் வைத்த பெயர் ஆமை. இன்று கேட்டால் நாளைக்குப் பதில் சொல்வான், சரியாகச் சொல்வான்.

என் மனைவிக்குத் தொண்டையில் புற்று. குரலை எடுத்துவிடும் ஆபரேஷனுக்கு முன்பே அவளைப் பேசவைத்து ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றியவன் ஆமைதான். அவள் தட்டினால் அவள் குரலிலேயே அது பேசும். யாரோ நல்லவர்கள் எழுதி, யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்று இலவசமாக விட்ட புரோகிராம். இத்தனை வருஷமும் அதில்தான் என்னைத் திட்டினாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. பேச்சின் நடுவிலேயே அணைந்துவிடும்.

"புதுசு வாங்குடா மாப்ள. விலையைப் பாக்காதே."

"வாங்கலாம் மாமா. புது மெஷின்ல ஆபரேட்டிங் சிஸ்டம் வேற. இந்த புரோகிராம் அதுல ஓடாது. எழுதினவங்க பழைய சிஸ்டத்தோட நேரா ஒட்டி எழுதிட்டாங்க."

"பாடியை அடியில இருக்குற சேசிஸோட வெல்டு வச்சுட்டானா? நடுவுல ஒரு சட்டம் போட்டு போல்ட்டுல மாட்டணும்டா! அப்பதான் எந்த வண்டியிலயும் தூக்கி வைக்கலாம்."

"அந்த சட்டத்துக்குத்தான் போர்ட்டபிள் லைப்ரரின்னு பேரு. மாட்டிப் பாக்குறேன்."

தினமும் வேலை முடிந்து எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். டீ ஏடு படிந்து ஆறும். "சாப்பிடுடா" என்றால் "ம்" என்பான். திரை வரைவது, எழுத்து வாங்குவது, சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு வெல்டாக அறுத்து, அந்த லைப்ரரியில் மாட்டினான்.

ஒருநாள் புது மெஷினில் எல்லாம் வந்தது. அவள் 'தம்பி' என்று தட்டினாள். செய்தி வாசிப்பவள் மாதிரி எவளோ ஒருத்தி "தம்பி" என்றாள். என் மனைவி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"குரலைக் கோக்குற துண்டு மட்டும் இலவசம் இல்ல மாமா," என்றான் ஆமை. "ஒரு கம்பெனி மூடி சீல் வச்சுக் குடுத்தது. பழைய சிஸ்டத்துக்கு மட்டும். கம்பெனியே இப்ப இல்ல. அக்கா குரலையும் அது தன் வசதிக்கு மாத்திக்கிட்டு, அசலை அழிச்சிடுச்சு. என்னால திறக்க முடியல."

எத்தனையோ பேரை மிரட்டி வேலை வாங்கியவன் நான். இதற்கு மிரட்ட ஆள் இல்லை.

கடைசியாக ஒரு வழி சொன்னான். பழைய மெஷின் ஓடுகிறவரை அக்கா வேண்டியதைத் தட்டட்டும். அது பேசப் பேசப் பதிவு செய்துகொள்வோம். பேத்தி பெயர், மகளுக்கு நாலு நல்ல வார்த்தை என்று அவளும் யோசித்து வைத்திருந்தாள். மெஷின் முக்கி முனகி விழித்தது.

"முதல்ல பேத்தி பேரு! இல்ல, மகளுக்கு! டேய், பதிவாகுதா பாரு!" என்றேன் நான்.

அவள் என்னை முறைத்துவிட்டு எதையோ தட்டினாள்.

"ஏங்க, கொஞ்சம் சும்மா இருக்கீங்களா?"

அவள் குரல்தான். அதோடு திரை கறுத்தது. ஆமை பிரித்தான், ஊதினான், மாட்டினான். வரவில்லை.

இப்போது புது மெஷினில் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு பட்டன் வைத்துக் கொடுத்திருக்கிறான். மற்றதெல்லாம் சிலேட்டில். செய்திக்காரியை அவள் பேசவிடுவதில்லை. ஆமை வந்தால் அவன் தலை நிமிர்வதில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகிறான்.

என்னைச் சாப்பிடக் கூப்பிடவும் அவள் அந்தப் பட்டனைத்தான் அழுத்துகிறாள். எழுந்து போகிறேன்.