திங்கட்கிழமையே போட்ட கையெழுத்து

அந்த வியாழக்கிழமையை நினைத்தால் ஷேரனுக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும். அதற்கு முந்தைய கதைதான் கொஞ்சம் வெட்கக்கேடு.

அவளுக்குக் கத்த வராது. சூப்பர்வைசர் ஆன மறுநாளே ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய சூப்பர்வைசர் பேட்ரிக்கைப் போலக் கத்திப் பழகினாள். "யாருகூட சண்டை போடுற?" என்று அம்மா வெளியிலிருந்து கேட்டாள். பேட்ரிக் வாயைத் திறந்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவள் வேலை செய்த உற்பத்தி லைனே நடுங்கும். அதிகாரம் என்றால் அதுதான் என்று, பாவம், இவளும் நம்பி லைனிலும் அப்படியே கத்தத் தொடங்கினாள்.

இரண்டாவது மாதம் இடி விழுந்தது. அவள் லைனில் செய்த சர்க்யூட் பலகைகளில் நாற்பது வேலை செய்யாமல் திரும்பி வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் லைனை மூடிவிடுவோம் என்றது மேலிடம். பதினான்கு பேருடைய வேலை.

பலகையைத் தொடுகிறவர் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்ட வேண்டும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பலகையைக் கெடுக்காமல் அது காக்கும். தினமும் காலையில் பட்டையைச் சோதனைப் பெட்டியில் பார்த்து, பச்சை விளக்கு எரிந்தால் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். சிவப்பு எரிந்தால் ஸ்டோருக்கு நடந்து புதுப் பட்டை வாங்க வேண்டும். பேட்ரிக் இருந்தபோது தாமதத்துக்கு அவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஷேரன் இரண்டு நாள் கத்தினாள். "யாரு பண்ணது? சொல்லுங்க!" குனிந்த தலைகள் நிமிரவில்லை. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வியாழன் காலை அந்த வாரக் கையெழுத்துத் தாளை எடுத்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது. வெள்ளிக்கிழமை இன்னும் வரவே இல்லை! லைனில் வேலை செய்த ஆறு வருஷமும் அவளும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

எல்லாரையும் கூட்டினாள். கட்டிய தொண்டையிலிருந்து அவளுடைய சொந்தச் சின்னக் குரல்தான் வந்தது.

"நானும் திங்கக்கிழமையே அஞ்சு நாளுக்கும் சைன் போட்டவதான். செவப்பு லைட்டோட ரெண்டு நாள் வேலை செஞ்சிருக்கேன். பேட்ரிக்குக்குப் பயந்து சொல்லல. மேலிடத்துக்குக் குடுக்குற ரிப்போர்ட்ல முதல் பேரு என்னோடதுதான்."

இருந்த மரியாதையும் போச்சு என்று நினைத்தாள். அப்போது லைனில் மூத்தவரான ஆசியா பீவி கையைத் தூக்கினார்.

"என் பட்டை மூணு வாரமா செவப்புதான் லா, ஷேரன். உன்கிட்ட சொல்லத்தான் பயமா இருந்துச்சு."

உன்கிட்ட! ஷேரனுக்கு அழுகை முட்டியது. அடுத்து அவர் பக்கத்தில் நின்ற குகனின் கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. மொத்தம் ஒன்பது கைகள். எவ்வளவு அதட்டியும் வாய் திறக்காதவர்கள், வேலையே போகலாம் என்று தெரிந்தும் தாமாகக் கை தூக்கி நின்றார்கள். இவ்வளவு தைரியம் இத்தனை நாளும் தன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததா என்று அவள் மலைத்துப்போனாள்.

ஒன்பது பட்டைகளும் மாறின, காரணம் ரிப்போர்ட்டில் மேலிடத்துக்குப் போனது. மேலிடம் ஷேரனுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, லைனை மூடவில்லை.

திங்கட்கிழமை காலை, அதே லைனில் நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படும் மோகனா சோதனைப் பெட்டியில் கை வைத்தாள். பக்கத்து லைன்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

"ஷேரன் அக்கா! எனக்குச் செவப்பு!"

ஷேரன் புதுப் பட்டை வாங்க ஸ்டோருக்கு ஓடினாள். அதற்குப் பிறகு அந்த லைனில் கத்துவதெல்லாம் அவர்கள்தான், ஷேரன் இல்லை.