ஆயுத பூஜைக்கு வாங்கிய கத்தரி

புண்ணுக்குக் கட்டும் வெளுத்த காஸ் துணிக்கு ஒரு வாசனை உண்டு. பிளீச்சிங் பவுடரும் வெயிலும் கலந்த வாசனை. என் வீட்டுக்காரி சீனியம்மா சாயங்காலம் வேலை விட்டு வந்தால், அவளுக்கு முன்னால் அந்த வாசனை வீட்டுக்குள் வந்துவிடும்...

எழுபது வயதுக்கு மேல்தான் எழுதப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாக வருகிறது, சந்தோஷமாக இருக்கிறது. முதலில் எழுதிப் பழகியது அவள் பெயரைத்தான். மெதுவாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் கடைசி. நான் இராஜபாளையத்தில் ஒரு மில்லில் பஞ்சு பேல், பெரிய பெரிய பொதி, இறக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி வெட்டும் வேலை. எட்டு மடிப்பாக விரித்த துணியைக் கோடு போடாமலே நேராக வெட்டுவாள். புதிதாக வரும் பெண்களை, "சீனியம்மா வெட்டுறதப் பாத்துட்டு வாங்க" என்றுதான் மேஸ்திரி அனுப்புவார். அதில் அவளுக்குப் பெருமை.

அவளுக்கு இடது கைப் பழக்கம். சாப்பாட்டை மட்டும் அவள் அம்மா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தார். கூட வேலை பார்த்த ராமுத்தாய் கேலி செய்வாள்.

"ஏட்டி, பீச்சாங்கையால வெட்டுன துணிய ஊரெல்லாம் புண்ணுல கட்டுறாகளே, ஆறுமா?"

"உனக்குப் புண்ணு வந்தாச் சொல்லு. சோத்தாங்கையால வெட்டித் தாரேன். கோணலா இருக்கும், கட்டிக்கோ."

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளிடம் ஒரு கத்தரி இருந்தது. கனமான இரும்பு. அலகு தேய்ந்து ஒல்லியாகிவிட்டது. ஆணி லொடலொடத்தால் நூலைச் சுற்றி இறுக்குவாள். கைப்பிடியில் சுற்றிய துணி அழுக்கேறிக் கறுத்திருக்கும். மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைக் கும்பிடப் போவாள். கத்தரியும் பையில் வரும். தேரடிப் பக்கம் ஒரு சாணைக்காரரிடம் அதைக் கொடுத்துவிட்டுத்தான் கோவிலுக்குள் நுழைவாள்.

அந்தக் கத்தரியைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். பெண்டாட்டிக்கு ஒரு நல்ல கத்தரி வாங்கிக்கொடுக்கத் துப்பில்லாதவன் என்று நாலு பேர் நினைப்பார்களே...

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், அவளுக்குத் தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். பளபளவென்று புதுக் கத்தரி ஒன்று வாங்கினேன். பழசைப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைக் குவியலில் போட்டுவிட்டு வந்தேன். விழுந்த சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் சாமி படத்துக்கு முன்னால் பேல் இழுக்கும் என் கொக்கி, அரிவாள்மணை, நடுவில் புதுக் கத்தரி. நானே சந்தனம், குங்குமம் வைத்தேன். குளித்துவிட்டு வந்தவள் பார்த்தாள்.

"பழச எங்கங்க?"

"அதான் புதுசு வந்துருச்சுல்ல. இரும்புக் கடையில போட்டுட்டேன்."

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது. அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் எடுத்து ஒரு பழைய துணியில் வைத்து அழுத்தினாள். துணி மடங்கி இரண்டு அலகுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மடங்கியது. வலது கைக்கு மாற்றினாள். வெட்டியது... கோணலாக.

"இது சோத்தாங்கைக்குச் செஞ்சதுங்க. என்னோடத அந்த சாணைக்கார அண்ணன்தான் அலகு மாத்தி, தட்டி, பீச்சாங்கைக்குத் தோதாப் பண்ணிக் குடுத்தாரு."

கத்தரிக்குக் கை உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடினோம். இரும்புக் கடைக்காரர் கையை விரித்தார். "பூசைக்குக் கடையக் கழுவணும்ல... முந்தாநாள் சாயந்தரமே லோடு ஏத்தியாச்சு."

அப்படியே தேரடிக்குப் போனோம். சாணைக்காரர் புதுசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகட்டுல அடிச்சது தாயி. ஆணியக் கழட்டுனா மறுபடி சேராது. ஒம் பழசக் கொண்டா, இன்னும் பத்து வருசத்துக்கு ஓட்டித் தாரேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அது தொலஞ்சு போச்சுண்ணே" என்றாள் சீனியம்மா.

நான்தான் போட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை, கம்பெனியிலும் சொல்லவில்லை.

அந்த மாதிரிக் கனத்த இரும்புக் கத்தரி கிடைக்குமா என்று இராஜபாளையத்துக் கடையெல்லாம் அலைந்தேன். எல்லாம் தகடு. பத்து நாள் வலது கையால் வெட்டிப் பார்த்தாள். கட்டைவிரலில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம். மேஸ்திரி அவளை பேண்டேஜ் சுருட்டும் பக்கம் உட்கார வைத்துவிட்டார். வெட்டு மேசைக்கு வேறொருத்தி வந்தாள். ராமுத்தாய் அதற்குப் பிறகு கேலி செய்யவே இல்லை.

ஒரு தடவை நானாக ஆரம்பித்தேன். "நான் உங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருக்கணும்..."

"விடுங்க. ஆசையாத்தான வாங்குனீக."

திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

கம்பெனியை விட்டு நிற்கும்வரை சுருட்டிக்கொண்டேதான் இருந்தாள். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது...

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த பேத்திக்கும் இடது கைதான். எழுதுவதும் அந்தக் கைதான், யாரும் அடிப்பதில்லை. போன வாரம் அவளுக்குத் தபாலில் ஒரு கத்தரி வந்தது. இடது கைக்காரர்களுக்கென்றே செய்து விற்கிறார்களாம். போனில் பார்த்து வாங்கினாளாம் மருமகள். இப்போது அவ்வளவு சுலபம்.

பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு அதை எடுத்தேன். என் வலது கையில் மாட்டி ஒரு காகிதத்தில் வைத்து அழுத்தினேன்.

காகிதம் மடங்கி உள்ளே போனது.

இன்னொரு தடவை அழுத்தினேன். மடங்கியது.

கழுவித் துடைத்து, பேத்தி வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.