செல்லம்மாள் தராசு கட்டிய இடம்

எழுத உட்கார்ந்ததும் வழக்கம்போல் குறிப்பு போட்டுக்கொண்டேன். அது இல்லாமல் எனக்கு எழுத வராது.

1. செய்தி வந்தது.
2. செல்லம்மாள் வியாபாரத்தில் இறங்கியது.
3. சந்தை நாளில் விழுந்த அடி.
4. அவருக்கு நான் கெடுதல் எதுவும் செய்யவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து செல்லம்மாளின் தம்பி போன் செய்தார். “அக்கா போயிருச்சுங்க சார். மஞ்சக்காமாலை.” “அப்படியா” என்றேன். அவரோடு பி.எட். படித்த உங்களுக்குத் தெரிவிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில் உங்கள் வகுப்புக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தேன். படிப்பு முடிந்ததும் சொந்தத் தொழில் தொடங்குவீர்களா என்பது அதில் ஒரு கேள்வி. நீங்கள் எல்லாரும் அரசு வேலைக்குக் காத்திருப்பதாக எழுதினீர்கள். மலைக் கிராமமான குண்டனி நாட்டிலிருந்து வந்த செல்லம்மாள் மட்டும், ‘படிக்கும்போதே தொடங்கலாமா?’ என்று திருப்பிக் கேட்டிருந்தார். கூப்பிட்டு விசாரித்தேன். “ஏனுங்க சார், வாத்தியார் வேல எப்ப வரும்னு உங்களால சொல்ல முடியுங்களா? அதுவரைக்கும் ஊட்ல உக்காந்து செவுத்தப் பாக்கறதுங்களா?” என்றார்.

கற்பித்தல் பயிற்சிக்காக நாமெல்லாரும் மலைமேல் தேவனூர் நாட்டுப் பள்ளிக்குப் போனபோது, எடைப் பாடம் நடத்த அவர் ஒரு தராசு கொண்டுவந்தார். அந்தச் சந்தையில் வியாபாரிகள் மிளகை வள்ளம் என்கிற அளவுப் படியில் அளந்துதான் வாங்குவார்கள். குவியல் சரிந்து வழியும்வரை கொட்டச் சொல்வார்கள். செல்லம்மாள் பாடம் முடிந்ததும் அதே தராசைச் சந்தைப் பலாமரத்தில் கட்டி, எடைபோட்டு வாங்கத் தொடங்கினார். மூன்றாவது வாரம் வள்ளத்தின் முன்னால் ஆளே இல்லை.

வியாபாரிகளிடமிருந்து மிரட்டல் வந்தது. நான்காவது வாரம் தராசைப் பள்ளிக்குப் பின்புறம் கட்டினார். மிளகு கொண்டுவருபவர்களையும் நம்மையும் தவிர யாருக்கும் அந்த இடம் தெரியாது.

மலைக்குக் கீழேயிருந்து வியாபாரிகளின் ஆட்கள் நான்கு பேர் வந்தார்கள். ஒருவன் தராசைப் பிடுங்கி, அதன் இரும்புத் தண்டாலேயே அவர் தோளில் அடித்தான். “டீச்சரம்மா, இது எத்தன கிலோன்னு சொல்லு பாப்போம்!” அடுத்த அடியில் நெற்றி பிளந்தது. கொட்டிக் கிடந்த மிளகின்மேல் ரத்தம் ஒழுகியது. விழுந்தவரின் வலது கையை இன்னொருவன் செருப்புக் காலால் மிதித்துத் திருகினான். விரல்கள் முறிந்த சத்தம் வகுப்பறைவரை கேட்டது. “மிதி சாமி, நல்லா மிதி. எடது கையிலயும் தராசு புடிப்பேன்” என்றார் செல்லம்மாள். அதற்காக வாயில் ஓர் உதை விழுந்தது.

தேர்வை இடது கையால் எழுதினார். அதே சந்தையில் எடைக்கடை வைத்தார். ஆறு வருடம் கழித்து ஆசிரியர் வேலை வந்தபோது கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனார். கரும்பலகையிலும் இடது கைதான்.

அன்று அந்த நால்வரும் முதலில் என்னிடம் வந்தார்கள். “ஏனுங்க வாத்தியாரே, தராசுக்காரப் புள்ள எங்கீங்க?” கேட்டவனின் கையில் கட்டை இருந்தது. பள்ளிக்குப் பின்பக்கம் கை காட்டினேன். பிறகு வகுப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டேன்.

இது செல்லம்மாளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஒருமுறை பஸ்ஸில் பார்த்தபோது, “வுடுங்க சார், நீங்க காட்டலீன்னா வேற யாராச்சும் காட்டியிருப்பாங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருடமாக வைத்திருக்கிறேன். அதை நம்பித்தான் நான்காவது குறிப்பையும் எழுதினேன்.

வேறு யாரும் காட்டவில்லை. நான்காவது குறிப்பு தவறு.