மூன்றாவது தூணின் போல்ட்

படகு ஒழுகினால் எல்லாரும் அடியைப் பார்ப்பார்கள். எல்டிகா மேல்தளத்தைப் பார்ப்பாள். கரியாக்கூ தீவின் டிரெல் விரிகுடாப் பட்டறையில் முப்பத்துமூன்று வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஓரத்துக் கம்பியைத் தாங்கும் கம்பித்தூண், கயிறு கட்டும் கொம்பு, ஜன்னல் சட்டம் என்று படகின்மேல் முடுக்கி வைத்த எது ஆடினாலும் கழற்றுவாள், அடியில் காய்ந்து கிடக்கும் பழைய பசையைச் சுரண்டுவாள், புதுப் பசை வைத்து உட்கார வைப்பாள். சுரண்ட இரும்பைத் தொடமாட்டாள், மரம் கீறிவிடும். பழைய வெட்டுப்பலகையை அறுத்து ஓரத்தைத் தேய்த்து அவளே செய்துகொண்ட பிளாஸ்டிக் கத்திதான். பிறகு, ஐஸ்கட்டியைப் போட்டால் மூழ்கிப்போகும் என்று ஊரார் பெருமையடிக்கிற ரம்மில் துணியை நனைத்துத் துடைப்பாள். "மரத்துக்கு ஒரு மூடி, எனக்கு ஒரு மூடி" என்பாள். கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர். பரவினால் சுத்தம். முத்தாகத் திரண்டு நின்றால் பழைய சிலிக்கான் இன்னும் இருக்கிறது, மறுபடி சுரண்டவேண்டும்.

அந்தத் திங்கட்கிழமை கேப்டன் ஆல்பனின் 'ஸ்மால் மெர்சி' கரையேறியது. சரக்கும் ஆளும் ஏற்றிப் பக்கத்துத் தீவுகளுக்குப் போய்வருகிற பழைய பாய்மரப் படகு. இடப்பக்கம் மூன்றாவது கம்பித்தூண் விழப்போகிற பல்லைப்போல ஆடியது. அதன் அடித்தகட்டைச் சுற்றி வெள்ளை, கருப்பு, சாம்பல் என்று பசை மேல் பசையாக அப்பியிருந்தது.

"என்ன கேப்டன் இது, கல்யாண கேக்குக்குப் பூசற மாதிரி பூசியிருக்கீங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தத் தூணின் பக்கத்தில் நின்று சொல்லக்கூடிய வார்த்தையா அது.

கேப்டன் தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்தார். "ஒழுகறப்பல்லாம் ஒரு வாய் அப்பினேன். அதைத் தொறந்து பாக்க எனக்கு மனசு வரல, எல்டி."

பதினோரு வருடமாக யாரும் அதைத் திறக்கவில்லை. கடைசியாக முடுக்கியவர்கள் எல்டிகாவும் காஸ்னெலும்.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பசை வைத்த அன்று லேசாக முடுக்கி விட்டுவிடவேண்டும். இரண்டு நாளில் பசை ரப்பராக இறுகும். அப்புறம் கீழே இருக்கிறவர் நட்டை மட்டும் கால் சுற்று இறுக்குவார். மேலே இருக்கிறவர் போல்ட்டின் தலையைத் திருப்புளியால் அசையாமல் பிடித்திருக்கவேண்டும். தலை திரும்பினால் போல்ட்டைச் சுற்றி இறுகிய பசை கிழியும். கிழிந்த வழியில் கடல் இறங்கும்.

இருபத்திரண்டு வருடம் அவள் மேலே, காஸ்னெல் கீழே. வேலைநேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. நடுவில் இரண்டு அங்குலப் பலகை. ஒரு தட்டு தட்டினால் 'பிடி'. இரண்டு தட்டினால் 'விடு'. மூன்று தட்டினால் 'சாப்பிடப் போகலாம்'. அவன் காலையில் என்ன தின்றான், வீட்டில் சண்டையா, பல்வலியா என்பதையெல்லாம் தட்டும் வேகத்திலேயே அவள் கண்டுபிடித்துவிடுவாள். மழைக்காலங்களில் அவன் கீழே கிடந்து பாடுவான். பாட்டு பலகை வழியாக அவள் முழங்காலுக்கு வரும். காதல் ஒன்றும் இல்லை. அவனுக்கு மனைவி இருந்தாள், இவளுக்குக் கணவன் இருந்தான். ஆனால் கணவன் செத்த வருடம், பசை காயக் காத்திருந்த ஒரு மத்தியானத்தில் கீழேயிருந்து மெதுவாக ஒரு தட்டு வந்தது. முடுக்க எதுவும் இல்லாத நேரம் அது. 'பிடி.' அவ்வளவுதான். அந்த ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் அந்த வருடத்தைக் கடந்தாள்.

பிறகு எல்டிகாவின் மகள் ஜெனெலின் கல்யாணம். எல்டிகாவின் தங்கை, பெட்டி மார்ட்டினிக் என்கிற பக்கத்துத் தீவில் இருப்பவள், கேக் செய்தாள். மூன்று மாதம் ரம்மில் ஊறிய பழங்கள், நிலக்கரிபோல் கருத்த கேக். கல்யாணத்தன்று பெண்வீட்டுக் கேக்கும் மாப்பிள்ளைவீட்டுக் கேக்கும் பெண்களின் தலையில் ஏறி, ஒன்றையொன்று வெல்லப் பார்த்துத் தெருவில் ஆடவேண்டும். கேக் 'ஸ்மால் மெர்சி'யில் வந்தது. மூன்றாவது தூணுக்கு நேர் கீழே இருந்த படுக்கைப் பலகையில் வைத்திருந்தார்கள். கடல் கொஞ்சம் எழும்பிய நாள். கரைக்கு வந்து பெட்டியைத் திறந்தால் பாதி கேக் உப்புத்தண்ணீரில் கரைந்திருந்தது.

இரண்டு வீட்டார் கூடி நின்ற இடத்தில் எல்டிகா காஸ்னெலைப் பார்த்துச் சொன்னாள்: "கீழ படுத்துக்கிட்டுப் பாடத்தான் தெரியும் ஒனக்கு. ஒரு நட்டு ஒழுங்கா முடுக்கத் தெரியல."

மறுநாள் அவன் பட்டறைக்கு வரவில்லை. வீடு கட்டும் தச்சுவேலைக்குப் போய்விட்டான். எதிரில் வந்தால் தலையாட்டுவான். அவள் அதற்குப்பின் மேலே திருப்புளியை இடுக்கியால் கவ்வி நிறுத்திவிட்டு, கீழே இறங்கி நட்டை முடுக்கி, தனியாகவே வேலை செய்தாள். இடுக்கி பாடாது.

இப்போது அவன் ஊரைவிட்டே போகிறான். புரூக்ளினில் இருக்கிற மகளோடு, ஒரேயடியாக. வெள்ளிக்கிழமை மத்தியானப் படகு. ஊருக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை எல்டிகா பசையை அடுக்கடுக்காக உரித்தாள். கேப்டன் அப்பியதெல்லாம் போய், அடியில் அவள் கையால் வைத்த பழைய பசை வந்தது. அதன் வெளியோரத்தை வழித்துவிட்ட தன் கட்டைவிரல் தடத்தைக்கூட அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நான்கு போல்ட். முதல் மூன்றும் பசை சுற்றிய சுத்தமான கழுத்தோடு வந்தன. நான்காவதை உருவினாள். அதைச் சுற்றியிருந்த பசை, பிழிந்த துணியைப்போல முறுக்கிக் கிழிந்திருந்தது.

நட்டைத் தளர்வாக விட்டால் பசை இப்படிக் கிழியாது. தலை திரும்பினால்தான் இப்படிக் கிழியும். தலையைப் பிடித்தவள் அவள்.

அவள் நிமிர்ந்தாள். அந்த இடத்திலிருந்து மேட்டுச் சாலை தெரியும். சாலையைப் பார்த்ததும் அந்தப் போல்ட்டை இறுக்கிய நாள் முழுசாகத் திரும்பி வந்தது. ஜெனெலைப் பெண் கேட்டு மாப்பிள்ளைவீட்டார் கடிதம் கொண்டுவந்த நாள். கொளுத்துகிற வெயிலில் கருப்புக் கோட்டுப் போட்ட மாமா, கையில் குடை, பின்னால் தொப்பி வைத்த இரண்டு பெண்கள். "வந்துட்டாங்க" என்று அவள் உடம்போடு திரும்பினாள். உடம்போடு கை. கையோடு திருப்புளி.

பட்டறையில் யாரும் இல்லை. போல்ட்டைக் கடலில் விட்டெறிந்தால் கதை முடிந்தது. அவள் அதைத் துணியில் சுற்றி இடுப்புப்பையில் போட்டாள். உளுத்த ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி ஊற்றி அடைத்துவிட்டு, பொழுது சாய பெல்மாண்ட் மேட்டுக்கு ஏறினாள்.

காஸ்னெல் முற்றத்தில் ஒரு நீலப் பீப்பாய்க்குள் தலையை விட்டிருந்தான். சோளமாவு, காய்ந்த சங்குக்கறி, பானம் போடுகிற சிவப்புப்பூச் சருகு எல்லாம் வரிசையாகத் தரையில் இருந்தன.

"ஊர்ல எல்லாருக்கும் சாமான் நெறச்ச பீப்பாய் அங்கேருந்துதான் வரும். இங்கேருந்து அனுப்பற மொத ஆளு நீதான்."

அவன் தலையை வெளியே எடுத்தான். "அங்க சங்கு கெடைக்காதாம். பனிதான் கெடைக்குமாம். ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. துணியைப் பிரித்துப் போல்ட்டை நீட்டினாள். அவன் கண்ணாடியைத் தேடிப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"மூணாவது தூணா?"

"ஆமா. திருப்பினது நான்தான்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"என் ஸ்பேனர்ல தெரிஞ்சுது. நட்டு திடீர்னு வெண்ணெயாட்டம் போச்சு. மேல போல்ட் தலையும் கூடவே சுத்துதுன்னு அப்பவே புரிஞ்சுது."

"அப்பறம் ஏன்யா தட்டல?"

அவன் போல்ட்டைத் திருப்பித் தந்தான். "நானும் படகு ஜன்னல் வழியா அந்தக் கோட்டுக்கார மாமாவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு கால்ல ஒரு செருப்பு கருப்பு, இன்னொண்ணு பழுப்பு. சிரிப்பு அடங்கறதுக்குள்ள மறந்துட்டேன்."

அவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கல்யாணத்தன்னிக்குச் சொல்லியிருக்கலாமே."

"பொண்ணோட அம்மாவை அவ சம்பந்திங்க முன்னாடி நிக்கவெச்சா? நல்லாருக்கும்." அவன் சோளமாவுப் பையைக் கட்டினான். "என்கிட்ட வந்து சொல்லிட்ட. சரி. ஆனா நீ அன்னிக்குச் சொன்னது என்கிட்ட மட்டும் இல்ல, எல்டிகா. பதினோரு வருஷமா நான் எந்தக் கடைக்குப் போனாலும், 'பாட்டுக்காரன் வந்துட்டான், நட்டெல்லாம் பத்திரம்'னுதான் பேச்சு."

அவள் போல்ட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினாள்.

புதன்கிழமை புதுப் பசை வைத்துத் தூணை உட்காரவைத்தாள். கையைக் கழுவினாள். நேராகப் பட்டறை எதிரில் இருக்கிற ரம் கடைக்குப் போனாள். நாலு பேர் டொமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள், கேப்டன் ஆல்பன் உட்பட. ஆட்டக்காய்களுக்கு நடுவில் போல்ட்டை வைத்தாள்.

"ஏய், ஆட்டத்தைக் கலைக்காத."

"கலையட்டும். ஜெனெல் கல்யாணத்துல கேக்கைக் கெடுத்தது காஸ்னெல் இல்ல, நான். கடிதம் வர்றதை வேடிக்கை பாத்துப் போல்ட் தலையைத் திருப்பிட்டேன். பாருங்க, பசை எப்படி முறுக்கியிருக்குன்னு."

போல்ட் கைமாறிக் கைமாறிப் போனது. படகோடு பிறந்தவர்கள், யாருக்கும் விளக்கவேண்டி இருக்கவில்லை.

"பதினோரு வருஷம் கழிச்சு ஒரு கேக்குக்குத் தீர்ப்பா?" என்றான் ஒருவன்.

"ஒனக்கென்னப்பா" என்றார் கேப்டன். "அதைத் தலையில வெச்சு ஆடினவ என் பொண்டாட்டி. கழுத்து வழியா உப்புத்தண்ணி வழிஞ்சுது. இன்னும் சொல்லிக்காட்டறா. போய் அவகிட்டயும் சொல்லிடு, எல்டி. எனக்காவது விடுதலை கெடைக்கும்."

அவள் போய்ச் சொன்னாள். வழியில் கேட்டவர்களுக்கும் சொன்னாள். எட்டாவது ஆளிடம் சொல்லும்போது வெட்கம் கொஞ்சம் தேய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் படகில் ஏறியபோது இடுக்கியைக் கொண்டுவந்திருந்தாள். அவன் வருவான் என்று எதிர்பார்க்க அவளுக்கு உரிமை இல்லை. மண்டியிட்டுத் திருப்புளியைப் போல்ட்டின் தலையில் பொருத்தினாள். அதை இடுக்கியால் கவ்விவிட்டுக் கீழே இறங்கலாம் என்று எழப் போகையில் முழங்காலுக்கு அடியில் பலகை அதிர்ந்தது. ஒரு தட்டு.

அவள் இரண்டு கையாலும் பிடித்தாள். சாலையில் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. இரண்டு தட்டு. அடுத்த போல்ட். நான்கும் முடிய பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அவன் பாடவில்லை. அறுபத்துநாலு வயதில் படுத்துக்கொண்டு முடுக்கினால் மூச்சுத்தான் வாங்கும். அந்த மூச்சு அவளுக்குக் கேட்டது. கடைசியில் மூன்று தட்டு.

"மணி எட்டுதான்யா ஆகுது" என்றாள் பலகையைப் பார்த்து.

"எனக்கு ஊருக்குப் போற நாள். பசிக்குது" என்றது பலகை.

படகின் நிழலில் உட்கார்ந்து வறுத்த ரொட்டியும் கருவாடும் தின்றார்கள். பேச்சு முழுக்க அந்தச் செருப்பைப் பற்றித்தான்.

மத்தியானப் படகு முனையைத் தாண்டி மறைந்தபின் எல்டிகா திரும்பி வந்து, மூன்றாவது தூணின்மேல் நாலு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். பிறகு கீழே இறங்கி, அந்தப் படுக்கைப் பலகையில் மல்லாந்து படுத்தாள். தனியாக முடுக்கிய வருடங்களில்கூட எட்டி முடுக்கிவிட்டு ஏறிவிடுவாள், எந்தப் படகிலும் அவள் இந்தப் பக்கத்தில் படுத்ததில்லை. இடம் குறுகல், மூக்குக்கு நேராகப் பலகை. நட்டுக்குப் பக்கத்தில் மரம் குழிந்து, கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருந்தது. ஸ்பேனரின் பின்முனையால் தட்டித் தட்டி விழுந்த குழி.

ஒரு சொட்டும் விழவில்லை. ஆனாலும் அவள் வெகுநேரம் படுத்திருந்தாள், விரலை அந்தக் குழியில் வைத்தபடி.