குணா மாட்டிய கடைசி பம்பு

அன்று காலை புதுச்சேரி சாரத்தில் எங்கள் கார்ப் பட்டறையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது குணாவின் மனைவியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, எழுப்பினேன். எழுந்திரிக்கல" என்றார். பதினாறு ஆண்டுகள் என்னோடு சேர்ந்து பட்டறை நடத்திய மனிதர், வைத்திக்குப்பம் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். முந்தின மாலை அவர் வேலை முடித்துவிட்டுப் போன கார் உள்ளே நின்றது.

குணாவை அறிந்த உங்களுக்கு அவர் கேலியும் தெரியும், பிடிவாதமும் தெரியும். சில கார்களில் புகையைச் சுத்தப்படுத்த ஒரு சின்ன பம்பு உண்டு. ஆறிப்போன எஞ்சினைக் கிளப்பும்போது மட்டும் அது புகைக்குழாய்க்குள் காற்றை ஊதும். ஒரு நிமிடம் போல 'உய்ங்' என்று கேட்டு ஓய்ந்துவிடும். அதை மாற்றினால் குணா வண்டியை அன்றே தரமாட்டார். "சூட்டுல எஞ்சின் பொய் சொல்லும்பா. ஆறட்டும், காலைல கேப்போம்" என்பார். அவசரப்படுகிறவர்களிடம், "சாவிய நான் முழுங்கிட்டேன் சார்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

பட்டறைக்குள் நின்ற அந்தக் கார் அடுத்த தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற பிரெஞ்சு வாத்தியாருடையது. சென்ற ஆண்டு குணா வெளியூர் போயிருந்த நாளில் அதன் பம்பை மாற்றியது நான். புகை பம்புக்குள் திரும்பி வராமல் தடுக்கும் வால்வையும் கூடவே மாற்ற வேண்டும். போல்ட் துருப்பிடித்து அசையவில்லை. வாத்தியார் வேறு வாசலில் நின்று அவசரப்படுத்தினார். பழைய வால்வையே விட்டுவிட்டேன். குணாவிடம் இரண்டையும் மாற்றிவிட்டதாகச் சொன்னேன்.

திரும்பி வந்த புகையும் ஈரமும் புதுப் பம்பையும் தின்றுவிட்டன. இறப்பதற்கு முந்தின நாள் குணா அதைக் கழற்றி ஒரு டீ கிளாசில் கவிழ்த்தார். துருத்தண்ணீர் கொட்டியது. "வால்வ மாத்தலையா?" என்று கேட்டார் வாத்தியார். நான் கந்தைத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். குணா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். "என் தப்பு சார். நான்தான் பாத்திருக்கணும்" என்றார். வாத்தியார் போனதும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "டீ சொல்லட்டாப்பா?"

அன்று மாலை பம்பையும் வால்வையும் அவரே மாட்டினார். அதுதான் கடைசி வேலை.

தகனம் முடிந்த மறுநாள் காலை, தனியாகச் சாவியைத் திருப்பினேன். பம்பு ஊதத் தொடங்கியது. பானெட்டில் காதை வைத்து, ஒரு கையை உயர்த்தியபடி குணா வழக்கமாக நிற்கும் இடத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. சத்தம் ஓய்ந்ததும் அவர் "ம்" என்பார். அதற்காகக் காத்திருந்தேன்.

வாத்தியார் வந்தார். "மொத தடவ குணா கொஞ்சம் அசட்டையா இருந்துட்டாரு. பாவம், போறப்ப சரியா செஞ்சிட்டுப் போயிட்டாரு." நான் சாவியைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து தினமும் நான் ஷட்டரைத் தூக்கும் நேரத்தில் அடுத்த தெருவில் அந்தப் பம்பு ஊதுகிறது. அது ஓயும்வரை கை வேலைக்குப் போவதில்லை. நேற்று பொறுக்க முடியாமல் வாத்தியார் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"அவரு இருக்கச்ச சொல்லியிருக்கலாமேப்பா."

இப்போது உங்களிடமும் சொல்லிவிட்டேன். குணாவின் ஸ்பானர்களை அவர் வீட்டில் கொடுத்தாயிற்று. நான் வைத்துக்கொண்டது, அவர் டீ கிளாசில் கவிழ்த்துக் காட்டிய அந்தத் துருப்பிடித்த பம்பை மட்டும். அதைக் கெடுத்தவன் நான்.