போளூருக்குப் போன ஜெபக் கடிதம்

வெளிநாடு போய்க் கிறிஸ்தவ ஊழியம் செய்வதற்குப் பயிற்சி என்றதும் மணிமொழி என்னென்னவோ கற்பனை செய்து வைத்திருந்தாள். வந்து பார்த்தால் மக்காச்சோள மாவுக் களி. காலையில் களி, மத்தியானமும் களி, தொட்டுக்கொள்ள வேகவைத்த கீரை. தான்சானியாவில் இதுதான் கிடைக்கும், நாக்கை இங்கேயே பழக்கிக்கொள்ளுங்கள் என்று அன்பரசன் அண்ணன் சொல்லிவிட்டார். அவர் ஆறு வருடம் அங்கே இருந்துவிட்டு வந்தவர். திருவண்ணாமலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வருடத்துக்கு ஆறேழு பேரை இப்படிப் புடம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். 1994 ஜூனில் சேர்ந்தவர்களில் மணிமொழி ஒருத்திதான் நர்ஸ். வயது இருபத்தாறு.

அரை வாளித் தண்ணீரில் குளிக்க வேண்டும். ஒருவர் முடியை ஒருவர் வெட்டிவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் முதுகில் மணல் மூட்டையோடு மலையைச் சுற்றி நடக்க வேண்டும். பௌர்ணமியும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், கொளுத்துகிற வெயிலில் மூட்டை சுமந்து போகிறவர்களைப் பார்த்து, ஏதோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று அடி அண்ணாமலைக் கடைக்காரர்கள் மோர் கொடுப்பார்கள். இவர்களும் குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் நடையைக் கட்டுவார்கள். மணிமொழியின் சொந்த வீடு அதே ஊரில்தான் இருந்தது. ஆனால் ஒன்பது மாதம் வாசலை மிதிக்கக் கூடாது என்று சட்டம். மார்க்கெட்டில் அம்மா எதிரே வந்துவிட்டால் இருவரும் கத்தரிக்காயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் மொழிப்பாடம். சுவாஹிலி சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் ஆளுக்கு எங்கே போவது? அதற்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். தனக்குத் தெரியாத மொழி பேசும் ஒரு வீட்டுக்குத் தினமும் போய், கூடமாட ஒத்தாசை செய்துகொண்டே, குழந்தை கற்பது போல அந்த மொழியைக் கற்க வேண்டும். மொழியைவிட, கற்கும் விதம் பிடிபடுவதுதான் முக்கியம். அங்கே மதப்பேச்சு எடுக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மணிமொழிக்கு வாய்த்தது மெத்தைக்கடை மஸ்தான் பாய் வீடு. மொழி உருது.

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கும் வெள்ளைக்காரர்களுக்கு மெத்தை தைப்பதில் மஸ்தானுக்கு நல்ல பெயர். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. வீட்டில் அவர் மனைவி ஹபீபுன்னிசாவும் மகள் உஸ்மாவும். மணிமொழி இலவம்பஞ்சில் கொட்டை பொறுக்கிக்கொண்டே வார்த்தைகளைப் பொறுக்கினாள். அவள் உச்சரிப்பைக் கேட்டு உஸ்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். களி விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஹபீபுன்னிசா எதையாவது வைத்திருந்து சாப்பிடச் சொல்லாமல் அனுப்பியதில்லை. மூன்றாம் மாதத்தில் அவள் அந்த வீட்டுக்கு 'பேட்டீ' ஆகிவிட்டாள், மகள் என்று அர்த்தம்.

நவம்பரில் உஸ்மாவுக்குப் போளூரில் இடம் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் அங்கே தோள்பை, பெட்டி விற்கும் பைக்கடை வைத்திருந்தார்கள். ஒருநாள் உஸ்மா வெளியே போன சமயம், ஹபீபுன்னிசா கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ நர்சு, அதனால கேக்கறேன். உஸ்மாவுக்கு ஃபிட்ஸ் வரும். பன்னெண்டு வயசுலருந்து இருக்குது. மாத்திரை போட்டா வர்றதில்ல. எனக்கும் அவருக்கும், அவரு அக்கா தில்ஷாதுக்கும்தான் தெரியும். இப்ப உனக்கு. கல்யாணம் ஆனா மாத்திரைய நிறுத்திடலாமா?"

நிறுத்தவே கூடாது என்றாள் மணிமொழி. மாப்பிள்ளை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்றும் சொன்னாள். "சொல்லணும்தான். எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கினு இருக்கேன்" என்று ஹபீபுன்னிசா பஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் மணிமொழி தன் ஜெபக் கடிதத்தை எழுதினாள். பயிற்சியில் இருப்பவர்கள், காணிக்கையாலும் ஜெபத்தாலும் தங்களைத் தாங்குகிற இருநூறு பேருக்கு மாதம் ஒரு கடிதம் எழுதி, நகல் எடுத்து அனுப்ப வேண்டும். பொதுவாக ஜெபித்தால் பதிலும் பொதுவாகத்தான் வரும், குறிப்பாக எழுதுங்கள் என்பது அண்ணன் தினமும் சொல்லும் பாடம். அவள் குறிப்பாகவே எழுதினாள். உ என்கிற சகோதரிக்கு வலிப்பு நோய், ஜனவரியில் போளூரில் பைக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்படப் போகிறாள், அவள் சுகத்துக்காக மன்றாடுங்கள். எழுதும்போது உண்மையாகவே அழுதாள். பெயரை மறைத்துவிட்டோம் என்ற திருப்தி வேறு. ஊரையும் கடையையும் எழுதிவிட்டு ஒரே ஒரு எழுத்தில் ஒளித்துவைத்தவளுக்கு அறிவு அன்றைக்கு எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் போளூரிலிருந்து பதில் வந்தது. தனம் டீச்சர் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர், மணிமொழிக்கு மாதம் தவறாமல் எழுதுகிறவர். அந்தப் பைக்கடை தன் தெருவுக்குப் பக்கத்துத் தெருதான் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். நேரிலேயே போய் மாப்பிள்ளையின் தாயாருக்கு ஆறுதல் சொன்னாராம். உங்கள் மருமகளுக்காக மூன்று நாள் உபவாசம் இருக்கிறோம், கவலைப்படாதீர்கள் என்றாராம். அந்தம்மா அப்படியே எழுந்து உள்ளே போய்விட்டாராம். மணிமொழி அந்தத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு மஸ்தான் வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவள் ஓடிப்போனபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. தெரிந்தவர்கள் மூலம் விஷயம் தெரிந்துவிட்டது, இடம் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார்கள். உஸ்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஹபீபுன்னிசாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். தெரிந்தவர்கள் என்றால் தில்ஷாதை விட்டால் வேறு யார்? தன் மகனுக்கு உஸ்மாவைக் கேட்டு, இவர்கள் தட்டிக்கழித்ததை மனத்தில் வைத்துக்கொண்டு செய்துவிட்டாள் என்றாள். மஸ்தானும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். மணிமொழியின் பைக்குள்ளேயே டீச்சரின் கடிதம் இருந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை போதும். அப்போது ஹபீபுன்னிசா அவள் தோளில் சாய்ந்து, "நீயாவது கூட இருக்கியே பேட்டீ" என்றாள். மணிமொழி பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டாள்.

அண்ணனிடம் சொன்னாள். அவர், மறைத்துச் செய்கிற கல்யாணம் நின்றதும் நல்லதுக்குத்தான் என்றார். கிளம்புகிற நேரத்தில் ஊரில் மனஸ்தாபம் வேண்டாம், போய்ச் சேர்ந்ததும் விவரமாக எழுதிவிடு என்றும் சொன்னார். மணிமொழி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் உஸ்மாவின் நோய் மாப்பிள்ளை வீட்டுக்கு ஹபீபுன்னிசா சொல்ல வேண்டிய உண்மை, தான் சொல்ல வேண்டியது அல்ல என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மார்ச் மாதம் விடைபெறப் போனபோது மஸ்தான் ஒரு தலையணை கொடுத்தார். பஞ்சு அவர் அடித்தது, உறை உஸ்மா தைத்தது. பெட்டியில் இருபது கிலோவுக்கு மேல் கூடாது என்பதால் இரண்டு புத்தகத்தை எடுத்துப் போட்டுவிட்டு அதை வைத்துக்கொண்டாள்.

ஆறு வருடம் அந்தத் தலையணையில்தான் தலைவைத்துப் படுத்தாள். சுவாஹிலி அவளுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. உருதுவைப் போலவே மருந்துக்கு அங்கேயும் 'தவா'தான். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் உஸ்மாவின் மாத்திரைச் சீட்டு ஞாபகத்துக்கு வரும். மூன்று மாதத்துக்கு ஒரு ஜெபக் கடிதம் தவறாமல் எழுதினாள். எழுத வேண்டிய அந்த ஒரு கடிதத்தை மட்டும் எழுதவில்லை. ஈதுக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு சரி.

2001இல் விடுமுறைக்கு ஊர் வந்ததும், இந்த முறை சொல்லாமல் திரும்புவதில்லை என்று மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனாள். ஹபீபுன்னிசா கட்டிக்கொண்டாள். நரை ஜாஸ்தியாகியிருந்தது. உஸ்மாவுக்கு வேலூரில் கல்யாணமாகிவிட்டது, மாப்பிள்ளையிடம் முதல் நாளே எல்லாம் சொல்லிவிட்டோம், அவரே மாத்திரை வாங்கி வருகிறார், ஒரு பெண் குழந்தை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். மணிமொழிக்கு உடம்பே லேசாகிவிட்டது. பயந்ததெல்லாம் சரியாகிவிட்டதே என்று நினைத்தாள். பேச்சோடு பேச்சாக, தில்ஷாத் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டாள்.

போன ரம்ஜானில் மௌத்தாகி அடக்கமும் முடிந்துவிட்டது என்றாள் ஹபீபுன்னிசா. அத்தனை வருடமும் பேச்சுவார்த்தை இல்லை. முதலில் இரண்டு மூன்று தடவை வாசல்வரை வந்தாளாம், இவர்கள் உள்ளே கூப்பிடவில்லை. கடைசியில் படுக்கையிலிருந்து சொல்லியனுப்பினாளாம், நான் சொல்லல, ஒருதரம் வந்துட்டுப் போங்க என்று. போகவில்லை.

மணிமொழி அங்கேயே, அப்போதே சொன்னாள். கடிதம், தனம் டீச்சர், பைக்குள் இருந்த பதில், எல்லாம். அழாமல் சொன்னாள். ஹபீபுன்னிசா பிடித்திருந்த அவள் கையை விட்டாள்.

"அது அவரோட அக்கா. நீயே போய் அவருகிட்ட சொல்லு" என்றாள். அதில் பேட்டீ இல்லை.

கடையில் இப்போது பஞ்சடிக்க மிஷின் வந்திருந்தது. அவளைப் பார்த்ததும் மஸ்தான் அதை நிறுத்திவிட்டு முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். "வா பேட்டீ. தலகாணி எப்படி இருக்குது? அமுங்கிப் போயிருக்குமே, எடுத்துனு வா, பிரிச்சு அடிச்சுத் தரேன்" என்றார்.

நின்றபடியே சொல்லி முடித்தாள். அவர் மெதுவாக உட்கார்ந்தார். தாடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிடக்கூட இல்லை.

"எங்கிட்ட சொல்லிட்டே. சரி. எங்க அக்காகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

தலையணையை எடுத்துவரச் சொன்னதை அவர் மறுபடி சொல்லவில்லை.